நாலு லோடு செம்மண்

நாகமலையின் முதுகு தெரிகிற பிளாட்.
வீடு முடிந்ததும்
நாலு லோடு செம்மண் கொட்டினார் டிராக்டர்காரர்.
மண்ணுக்குத்தான் காசு கொடுத்தோம்,
விதை இனாம்.

பால் காய்ச்ச வந்த நாத்தனார்
"இப்பத்தான் இடத்துக்கே ஒரு களை வந்திருக்கு" என்றாள்.
எந்தக் களை என்று நான் கேட்கவில்லை.

முதல் மழைக்கு முளைத்ததைச்
செவ்வந்தி நாற்று என்று நம்பினேன்.
இலை அப்படித்தான் வெட்டுப்பட்டிருந்தது.
மூன்று வாரம் தண்ணீர் ஊற்றினேன்,
இரண்டு தடவை கடலைப் புண்ணாக்குக் கரைசல்கூட.
இடுப்புயரம் வந்து
பொடிப்பொடியாய் வெள்ளையாய்ப் பூத்தபோது
என் மணிக்கட்டெல்லாம் தடிப்பு.
டவுன் ஹால் ரோட்டுத் தோல் டாக்டர்
கையைப் பார்க்கும் முன்பே கேட்டார்:
"பக்கத்துல காலி மனை இருக்கா?"

இருந்தது.
சிக்கந்தர் என்பவரின் மூணே கால் சென்ட்.
அவர் ஷார்ஜாவில்.
பார்த்தீனியம் மட்டும்
வாடகையில்லாமல் குடியிருந்தது.

அப்புறம் விரல்கள் படித்துக்கொண்டன.
பூக்கும் முன்னால் பிடுங்க வேண்டும்,
மழைக்கு மறுநாள், கையுறை போட்டு,
வேர் முழுசாய் வரும்படி.
கோரை அப்படியில்லை.
இழுத்தால் மேலே ஒரு நூல் அறுந்து வரும்,
கீழே கறுப்பு மணி கோத்த மாலை
அலுங்காமல் கிடக்கும்.
ஒரு சாண் தோண்டி
கிழங்கு கிழங்காய்ப் பொறுக்கி
வெயிலில் காயப்போட்டு
பதினைந்தாம் நாள் மறுபடி தோண்டு.
மூக்கிரட்டையை விட்டுவைத்தேன்.
கீழாநெல்லி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை.
குப்பைமேனி கேட்டு எதிர்வீட்டு அமலோற்பவம் வருவாள்,
பூனைக்கு.

எவ்வளவு எடுத்தும்
சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தது.
ஷார்ஜாவுக்கு மூன்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.
டிக் நீலமானது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்
நாற்பத்தெட்டு வயதில்
சேலையைச் சொருகிச் சுவரேறிக் குதித்தேன்.
ஆறு மணிக்குள் பாதி மனை வெறுந்தரை.
தரகர் ஒச்சப்பன் பைக்கை நிறுத்தினார்.
"என்னக்கா, ஆக்கிரமிப்பா?"
"ஆமா" என்று செடியைக் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
மனையையும் என் வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக்
கிக்கரை உதைத்தார்.

அந்த வேகத்திலேயே வீட்டுக்குள் வந்து
மஞ்சள் பூப் படர்கொடியில் கை வைத்தேன்.
நர்சரியில் நாற்பது ரூபாய்க்கு
நானே ஆசைப்பட்டு வாங்கியது.
சுவரோரம் வெறிச்சென்று இருக்கிறதே என்று
நானே நட்டது.
கணுவுக்குக் கணு வேர்விட்டு
கறிவேப்பிலைக் கன்றின் கழுத்துவரை வந்திருந்தது.
பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே போனேன்.
சுருளுக்கடியில்
கல்.

சுண்ணாம்பு உதிர்ந்த அளவுக்கல்.
வீட்டைப் பார்த்த முகத்தில் பதினாறு,
சுவரைப் பார்த்த முகத்தில் பதினேழு.
நாங்கள் பதினாறு.
கல்லுக்கும் சுவருக்கும் நடுவே
ஒன்றரை அடி.
கறிவேப்பிலை நின்றது
சிக்கந்தரின் மண்ணில்.

கொத்தனார் நூல் பிடித்த அன்று
ஜெயவீரன்தான் பக்கத்தில் நின்றார்.
நான் ஸ்கேன் சென்டரில் ரசீது போட்டுக்கொண்டிருந்தேன்.
கல்லைக் காட்டினேன்.
பேப்பரை மடிக்காமலே சொன்னார்:
"அந்தக் கொடி நல்லாத்தான இருந்துச்சு.
திரும்ப வச்சு விடு."

நான் பேசவில்லை.
கொடியைச் சாக்கில் கட்டி
மொட்டை மாடி வெயிலில் போட்டேன்.
மண்ணில் எறிந்தால் மறுபடி பிழைக்கும்.

புதன்கிழமை இரவு மழை.
காலையில் போய்ப் பார்த்தால்
கல்லை ஒட்டி இரண்டு இலை,
எண்ணெய் தடவின பச்சை.
எங்கோ ஒரு கணுவை விட்டிருக்கிறேன்.
பத்து நாள் கண்டுகொள்ளாமல் இருந்தால்
பதினேழு மறைந்துவிடும்.
மாசம் முடிந்தால் கல்லே இருக்காது.

உள்ளே குக்கர் இரண்டாவது விசில்.

குனிந்து
வேரோடு எடுத்தேன்.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு
கல்லைப் படம் பிடித்தேன்,
எண் தெரிகிற மாதிரி,
சுவரும் தெரிகிற மாதிரி.